திருப்பிப் போட்ட சிரிப்பு

ஆளுமை என்ற சொல் அந்தத் தெருவுக்குள் ஒரு பெயர்ப்பலகையில் ஏறித்தான் வந்தது. அதற்கு முன்பு அங்கே ஆட்கள் இருந்தார்கள். ஆளுமை யாருக்கும் இருந்ததில்லை. போட்டோ ஸ்டுடியோக்காரர் வெளியூரில் நடந்த பயிலரங்கு ஒன்றுக்குப் போய்த் திரும்பிய கையோடு, 'பாஸ்போர்ட், விசா படங்கள் உடனடியாக' என்றிருந்த பலகையை இறக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார்: 'இங்கே முகம் எடுக்கப்படாது. ஆளுமை எடுக்கப்படும்.'

அன்று சாயங்காலமே எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர் வந்தார். "அண்ணே, பாஸ்போர்ட் சைஸ்ல எட்டு ஆளுமை போடுங்க. நாளைக்கு இன்டர்வியூ."

மறுநாளிலிருந்து ஸ்டுடியோக்காரருக்கே 'ஆளுமை' என்று பெயராகிவிட்டது. அது கிண்டல் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நாள் பிடித்தது. புரிந்தபோது பழகியும் விட்டது.

பயிலரங்கை நடத்தியவரை 'ஆசான்' என்றுதான் கூப்பிட வேண்டும். சார் என்றால் திரும்பிப் பார்க்க மாட்டார். தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடை. சான்றிதழில் அச்சாகியிருந்த படத்தில் முகவாயை முஷ்டியில் ஊன்றிக்கொண்டு, பக்கத்து வீட்டில் ஏதோ அடிப்பிடிக்கும் வாசனையை முகர்ந்துகொண்டிருப்பவர்போல இருந்தார். அவருடைய போதனைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, சிரிப்பு என்பது பொய். மற்றொன்று, தோண்டு.

ஸ்டுடியோவின் பின்னறையில் கணினி முன் உட்கார்ந்திருந்த ஆளுமையின் மனைவிக்கு இந்தத் தத்துவங்களால் பெரிய பாதிப்பு இல்லை. வருகிறவர்களின் பருவை அழிப்பது, தாடைக்குக் கீழே தொங்குவதைக் குறைப்பது, கண்ணை மூடிவிட்டவருக்கு இன்னொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பது எல்லாம் அவள் வேலை. "நீங்க தோண்டுங்க. நான் மூடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

இப்படியாகத் தோண்டலும் மூடலும் நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஆளுமையின் சகலை ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மனைவியின் அக்காவைக் கட்டியவர். டவுன் பஸ் ஓட்டுகிறார். சகலைகள் என்றால் ஒரே வீட்டில் ஏமாந்த இரண்டு பேர் என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை. அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. பையிலிருந்த ஆல்பங்களை மேஜைமேல் கொட்டினார்.

"ஏம்பா சகலை, இதுல எங்கயாவது அவ சிரிச்சிருக்காளா பாரு. எனக்குக் கண்ணு பூத்துப் போச்சு."

அக்காவின் இடது காதுக்கு முன்னால் ஒரு கட்டி இருந்தது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் தெரியும். தெரியாததைச் சகலை இப்போது சொன்னார்.

"முகத்தை அசைக்கிற நரம்பு அந்தக் கட்டிக்குள்ளதான் ஓடுதாம். எடுத்ததும் அது தூங்கிடுமாம். எப்ப முழிக்கும், முழிக்குமா முழிக்காதான்னு அவருக்கே தெரியல. அதுக்கப்புறம் முகத்துக்குப் பயிற்சி குடுக்கப்போற அம்மா கேட்டாங்க, 'இவங்க எப்பவும் சிரிக்கிற மாதிரியே ஒரு போட்டோ கொண்டாங்க. எங்க திரும்பிப் போகணும்னு தெரிஞ்சாத்தானே நான் வழி காட்ட முடியும்'னு. வீட்டுல இருக்கிற எல்லா ஆல்பத்தையும் புரட்டிட்டேன். எதுலயும் சிரிப்பு இல்ல."

ஆளுமை புரட்டினார். உண்மைதான். கல்யாணப் படத்தில், குழந்தையோடு எடுத்த படத்தில், கடற்கரையில் தொப்பி போட்டுக்கொண்டு எடுத்த படத்தில், எல்லாவற்றிலும் அக்கா ஒரே முகத்தோடு நின்றார். தாழ்ப்பாள் போட்ட முகம்.

அது தொழில் கொடுத்த முகம். அக்கா மருந்துக்கடை வைத்திருக்கிறார். அங்கே யார் வந்து எதைக் கேட்டாலும் கடைக்காரர் முகத்தில் ஒரு கோடு அசையக் கூடாது. மேடையில் வீரம் பேசுகிறவர் தூக்க மாத்திரை கேட்பார். உடற்பயிற்சி வாத்தியார் மூலத்துக்குக் களிம்பு கேட்பார். ஊரின் பெருமைகளெல்லாம் வெள்ளைக் கோட்டு போட்ட அந்த அம்மாளின் முன்னால் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த முகத்தையே அவர் கேமராவுக்கும் காட்டிப் பழகிவிட்டார்.

ஆனால் அக்காவுக்கு ஒரு சிரிப்பு இருந்தது. வீட்டில் எல்லோரும் பார்த்ததுதான். உதடு பிரியாது, இடது ஓரம் மட்டும் மேலே போகும். வலது பக்கம் அதைப்பற்றித் தகவலே வராததுபோல இருக்கும்.

"அடுத்த திங்கக்கிழமை ஆபரேஷன்" என்றார் சகலை. "நீதான் இப்ப என்னமோ பெரிய ஆளாமே. எடு."

ஆளுமைக்கு உச்சி குளிர்ந்தது. அதுதான் வினையானது.

அக்காவை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். பின்னால் கறுப்புத் துணி. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கு. தன் முகவாயை முஷ்டியில் ஊன்றிக்கொண்டு அவரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

"அக்கா, உங்க உள்ள இருக்கிற வலியை மேல கொண்டாங்க."

"எந்த வலி? முதுகா, முழங்காலா? முழங்காலுக்கு இப்பத்தான் மாத்திரை போட்டேன். சாயங்காலம் வரைக்கும் வராது."

"அந்த வலி இல்லக்கா. ஆத்மாவோட வலி."

"அதுக்கு மருந்து வர்றதில்ல தம்பி" என்றார் அக்கா, கடையில் சொல்வதுபோலவே.

படங்களில் பாதி முகம் இருட்டிலும் மீதி முகம் இருட்டுக்குப் போகத் தயாராகவும் இருந்தது. பின்னறையில் மனைவி அவற்றைத் திரையில் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னங்க இது? எங்கக்காவை யாரோ கடத்திட்டுப் போயிப் பணம் கேட்டு அனுப்பின மாதிரி இருக்கு" என்றாள். ஆளுமை சளைக்காமல் ஒன்றை ஆசானுக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது: 'இன்னும் தோண்டு.'

"தோண்டவா? எங்கக்கா என்ன கிணறா?"

சகலை பார்த்தபோது கோபப்படவில்லை. அதுதான் ஆளுமையைச் சங்கடப்படுத்தியது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"நான் சிரிப்பு கேட்டேனேப்பா."

"சிரிப்பு மேலோட்டம், சகலை. இது அவங்களோட ஆழம்."

"அந்த மேலோட்டம்தானே போகப்போகுது. ஆழத்துல இருக்கிறதை டாக்டர் ஒண்ணும் தொடப்போறதில்ல."

பயிலரங்கில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. ஆளுமை கறுப்புத் துணியை அவிழ்த்து மடித்தார்.

அதற்குப் பிறகு அவர் பழைய வழிகளுக்கு இறங்கி வந்தார். "சிரிங்கக்கா" என்றார். அக்கா இரண்டு பக்கமும் சமமாக உதட்டை இழுத்துக் காட்டினார்; பல் டாக்டரிடம் காட்டுவதுபோல இருந்தது. ஜோக் சொன்னார். அக்கா "ம்" என்றார். கடைசியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கே போய், குழந்தைப் பால்மாவு டப்பாக்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். முதலில் வந்த வாடிக்கையாளர் டப்பாக்களுக்கு நடுவே லென்ஸைப் பார்த்ததும், எதற்கு வந்தோம் என்பதையே மறந்தவர்போலத் திரும்பிப் போனார். அடுத்து வந்த பெண்மணி ஒரு இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு மானத்தோடு வெளியேறினார். அதற்கப்புறம் படி ஏறவே யாரும் வரவில்லை.

"தம்பி, நீ இங்க நின்னா இந்த ஊர்ல ஒருத்தருக்கும் வியாதியே வராது போலிருக்கு. கேமராவை உள்ள வை. இல்லன்னா கிளம்பு."

உள்ளே வைத்தார். வைத்துவிட்டு ஒரு ஓரமாக, மாத்திரை வாங்க வந்தவர்போல நின்றார். அப்போது கடன் வசூல் செய்கிற தொழிலில் இருக்கும் ஒரு கனத்த மீசைக்காரர் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "பயந்தா வர்ற வயித்துப்போக்குக்கு ஏதாவது இருக்கா? எனக்கில்ல. என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு."

"உங்க ஃப்ரெண்டுக்குச் சக்கரை இருக்கா?" என்றார் அக்கா.

"எனக்... அவனுக்கு இல்ல."

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க."

மீசை திரும்பிப் படியிறங்கியது. அந்த முதுகைப் பார்த்தபடி அக்காவின் வாயின் இடது ஓரம் மெல்ல மேலே போயிற்று. ஒரு கணம் நின்று, இறங்கிவிட்டது.

"அக்கா! இப்ப சிரிச்சீங்க!"

"நானா? இல்லையே."

கேலியில்லை, பொய்யுமில்லை. அவருக்கே தெரியவில்லை. ஆளுமை பையோடு தெருவில் இறங்கி நடந்தார். அக்காவுக்கு எல்லோருடைய ரகசியமும் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார். சொல்லாமல் விழுங்கியதில் ஒரு துளி ஓரத்தில் வழிந்துவிடுகிறது. அதுதான் அந்தச் சிரிப்பு. கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு வலியைக் கேட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் அவருக்கு அடிக்கடி வருவதில்லை. வந்ததால் சீக்கிரமாக நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள், அக்கா வீட்டுச் சமையலறையில் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் மேஜைமேல் பரவியிருந்தது. விளக்கு வேண்டாம், துணி வேண்டாம் என்று ஆளுமை கேமராவை மட்டும் கொண்டு வந்திருந்தார். அக்கா துவைத்த துணிகளை மடித்து, ஆஸ்பத்திரிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். சகலை அவசியமில்லாமல் அந்தப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எடுத்தால் இன்றைக்கு எடுக்க வேண்டும் என்பது நான்கு பேருக்கும் தெரிந்திருந்தது.

அந்த மௌனம் தாங்காமல் மனைவி, பக்கத்திலிருந்த புருஷனின் தலையைப் பார்த்தாள்.

"என்னங்க, உச்சியில வெள்ளையா ஏதோ தெரியுதே."

"வெளிச்சம்."

"வெளிச்சம் ஒரு முடியில மட்டுமா விழும்?"

"இங்க பாரு, எங்க பரம்பரையிலேயே நரை கிடையாது. எங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தலை கன்னங்கரேல்னு இருந்துச்சு. அதே முடி இது" என்று ஆளுமை வழக்கமான கம்பீரத்தோடு சொன்னார்.

சொல்லிக்கொண்டே தற்செயலாக எதிரே பார்த்தார். துவாலையை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் இடது ஓரம் மேலே போய்க்கொண்டிருந்தது.

அக்காவுக்குத் தெரியாதா? மாதம் தவறாமல், வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, மருந்துக்கடைக்கு வந்து ஹேர் டை டப்பாவை உறையில் போட்டு வாங்கிக்கொண்டு போகிறவர் யாரென்று? "எங்க பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்" என்று ஒவ்வொரு தடவையும் யார் சொல்கிறார் என்று? தங்கையிடம்கூட அக்கா அதைச் சொன்னதில்லை.

ஆளுமை கேமராவை எடுப்பதற்குள் சிரிப்பு இறங்கிவிட்டது. துவாலை பைக்குள் போயிற்று.

அந்த இடத்தில் அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. பேச்சை மாற்றி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்து வந்தார். அன்றைக்கு அதை விட்டுவிட்டுக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அக்காவின் முகம் லென்ஸுக்குள் தெளிந்ததும், குரலை உயர்த்தினார்.

"சந்தேகம்னா எண்ணிப் பாரு! ஒரே ஒரு நரை காட்டு, ஸ்டுடியோவை உன் பேருக்கு எழுதி வைக்கிறேன்! டையாம் டை! அந்த டப்பா எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. சதுரமா, உருண்டையா? அக்கா, நீங்கதானே விக்கிறீங்க, சொல்லுங்க!"

முழுப் பூசணிக்காய்க்கு இவ்வளவு கொஞ்சமாகச் சோறு போட்டு யாரும் மறைத்திருக்க மாட்டார்கள். அக்கா நிமிர்ந்து, தன் முன்னால் அசையாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்த மனிதனைப் பார்த்தார்.

"சதுரம்" என்றார்.

இடது ஓரம் போயிற்று, போயிற்று, கன்னத்தில் ஒரு சின்னக் குழி விழும்வரை போயிற்று. கண்ணும் சேர்ந்து சுருங்கியது. கேமரா சத்தம் போட்டது. ஆளுமை நிறுத்தவில்லை.

"பார்த்தியா! எனக்குச் சதுரம்னே இப்பத்தான் தெரியும்!"

"அப்ப நம்ம வீட்டுத் தலையணை உறையில ஒட்டியிருக்கிற கறுப்பு எந்தப் பரம்பரைங்க?" என்றாள் மனைவி.

சகலை மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "சாயம் வெளுத்துப் போச்சு சகலை!" அக்கா வாய்விட்டுச் சிரிக்கவில்லை, இடது கைவிரலால் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார். அதையும் கேமரா எடுத்தது. எடுத்தவருடைய காதுகள் சிவந்திருந்தன. ஆனால் விரல் பொத்தானை விடவில்லை.

மத்தியானத்துக்குள் படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் புதுத் தகராறு கிளம்பியது.

அக்கா படத்தை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. "இது யாரு? வாய் இந்தப் பக்கமா கோணுது. எனக்கு அந்தப் பக்கம்தானே. நல்லாவே இல்ல தம்பி. நான் இப்படி இல்ல."

மனைவி சத்தமில்லாமல் படத்தை வாங்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். அந்த ஸ்டுடியோவில் இதற்கென்று ஒரு கைமருந்து உண்டு. தன் படத்தைப் பார்த்து 'நான் இப்படி இல்லையே' என்று புலம்புகிறவர்களுக்கு, கணினியில் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுக் கொடுத்துவிடுவாள். கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் கிடைத்ததும், 'ஆங், இப்பச் சரி. என்னம்மா பண்ணினே?' என்று மகிழ்ந்துபோவார்கள். வெளியில் சொல்வதில்லை. ஒரே ஒருமுறை மட்டும் ஒரு அதிகாரியின் சட்டைப் பையிலிருந்த பெயர் பின்பக்கமாக ஓடிக் குட்டு வெளிப்பட்டது.

திருப்பிய படம் வந்தது. அக்கா நிம்மதியாக மூச்சு விட்டார். "இதுதான். இதுதான் நான்."

சகலை எட்டிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "இது அவ இல்லையேப்பா."

"நல்லாப் பாருங்க" என்றார் அக்கா.

"பார்த்துட்டேன். உன்னை மாதிரியே இருக்கிற யாரோ. உன் தங்கச்சின்னு சொன்னாக்கூட நம்பலாம். நீ இல்ல."

"என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"உன் மூஞ்சியை நீ எங்க பார்த்தே? தினம் உனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடுறவன் நான்!"

இருவரும் குரலை உயர்த்தினார்கள். படம் ஒன்றுதான் என்றும், திருப்பிப் போட்டதுதான் வித்தியாசம் என்றும் மனைவி தொழில் ரகசியத்தைப் போட்டு உடைக்க வேண்டியதாயிற்று. முதல் படத்தையும் மேஜைமேல் வைத்தாள். இரண்டு சிரிப்புகளும் ஒன்றையொன்று பார்த்தபடி கிடந்தன.

அக்கா வெகுநேரம் குனிந்து பார்த்தார். "அப்ப, இத்தனை நாளா நான் பார்த்த முகம்?"

"அது உங்களுக்கு மட்டும்தான்க்கா" என்றார் ஆளுமை. "எங்க யாருக்கும் அதைத் தெரியாது."

"நீங்கள்லாம் பார்க்கிறதை நான் பார்த்ததே இல்ல."

இதற்கு ஏதாவது பெரிதாகச் சொல்லலாம் என்று ஆளுமைக்குத் தோன்றியது. வாய் வரை வந்ததைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டார்.

சகலை முதல் படத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சவளை நான் வச்சுக்கிறேன். உனக்குத் தெரிஞ்சவளை நீ வச்சுக்க. சண்டை வேண்டாம்."

ஆஸ்பத்திரியில் அந்தப் பயிற்சி அம்மாவுக்கும் திருப்பிய படம்தான் பிடித்தது. கண்ணாடியைப் பார்த்துப் பழக வேண்டும் என்றால் பக்கத்தில் கண்ணாடிப் படமே இருக்கட்டும், இல்லாவிட்டால் நல்ல பக்கம்தான் மேலே போகும் என்றார்.

ஆபரேஷன் முடிந்தது. கட்டி கெட்ட கட்டி இல்லை. நரம்பை டாக்டர் காப்பாற்றிவிட்டார். ஆனால் அவர் சொன்னபடியே அது தூங்கிவிட்டது. அக்காவின் இடது பக்கம் அப்படியே இறங்கி நின்றது. டீயை உறிஞ்சினால் ஓரத்தில் வழிந்தது. அலமாரிக் கண்ணாடியில் அந்தப் படத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, காலையில் எழுந்ததும் முன்னால் உட்கார்ந்தார். மேலே, மேலே என்று சொல்லிப் பார்த்தார். வலது பக்கம் மட்டும் விழுந்தடித்துக்கொண்டு கீழ்ப்படிந்தது.

வாரங்கள் போயின. ஒருநாள் அவர் தங்கைக்குப் போன் செய்தார். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறியது.

"சிரி சிரின்னா யாருக்குடி சிரிப்பு வரும்? உன் வீட்டுக்காரரை அனுப்பு. வந்து எதிர்ல உக்காந்து ஏதாவது பொய் சொல்லச் சொல்லு."

"இவரையா? பொய்யா?" என்றாள் தங்கை. "அதுக்குத் தனியா சொல்லணுமா?"

அப்படித்தான் ஆளுமை ஒவ்வொரு காலையும் ஸ்டுடியோவைத் திறப்பதற்கு முன் அந்த வீட்டுக்குப் போய், அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பொய் சொல்லத் தொடங்கினார். ஹேர் டை விவகாரம் முதல் நாளிலேயே தீர்ந்துபோயிற்று. "அது பழசு. புதுசா சொல்லு" என்றுவிட்டார் அக்கா. சின்ன வயதில் நீச்சல் கோப்பை வாங்கியதைச் சொன்னார். ஒரு அமைச்சர் தன்னிடம் ஆலோசனை கேட்டதைச் சொன்னார். கைவசம் இவ்வளவு சரக்கு இருந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணில் வருவது வாயோரத்துக்கு வந்து சேரவில்லை. கேமரா இல்லாமலேயே ஆளுமை இப்போது அந்தக் கண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்: எந்தப் பொய் பிடித்தது, எது சுமார், எதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மழை தூறிய ஒரு காலையில் அவர் நெற்றியைத் துடைத்தபடி உள்ளே வந்தார். மனைவியும் கூட வந்திருந்தாள். ஷிப்டு மாறுவதற்கு நடுவில் வீட்டுக்கு வந்திருந்த சகலை, சீருடையோடு கதவோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்கக்கா, லேட்டாயிடுச்சு" என்று ஆளுமை தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டார். "வீட்டுலேர்ந்து ஓடியே வந்தேன். இப்பல்லாம் தினம் ஓடுறேன். பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல."

சற்று முன்னால்தான் அவரைப் பஸ்ஸில் ஏற்றி, அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டு, அங்கேயே வண்டியை மாற்று டிரைவரிடம் கொடுத்துவிட்டு முந்தி வந்திருந்த சகலை, டீயை ஊதிக்கொண்டு நின்றார். அக்கா புருஷனைப் பார்த்தார். நனையாத சட்டையைப் பார்த்தார். ஆளுமையின் நெற்றியைப் பார்த்தார்.

இடது ஓரம் அசைந்தது. கொசு உட்கார்ந்தால் தோல் துடிக்குமே, அவ்வளவுதான். மூன்று பேரும் பார்த்தார்கள். மனைவியின் கை புருஷனின் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. சகலையின் டம்ளர் பாதி வழியில் நின்றது. சொன்னால் அக்கா 'நானா?' என்பார், அது நின்றுவிடும். யாரும் சொல்லவில்லை.

"மூச்சே வாங்கலியே தம்பி" என்றார் அக்கா.

"எப்படிக்கா வாங்கும்?" என்றார் ஆளுமை. நாற்காலியை அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாளைக்கு இன்னும் தூரம் ஓடலாம்னு இருக்கேன். நேத்து ஒரு நாய் என்கூடவே ஓடி வந்துச்சு. பாதியில நின்னுடுச்சு, பாவம். அதுக்கு முடியல."